பேச முடியாத சாப்பாட்டுக் கூடம்

அப்பாவுக்கு 75 வயது நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பமாகச் சேர்ந்து மதுரையில் ஒரு சைவ ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். மாடியில் ஏ.சி. ஹால். கிரானைட் மேசை, டைல்ஸ் ஒட்டிய தரையும் சுவரும், தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லா மேசையிலும் ஆள். பாதி நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்து உட்காரப் போகிறவர் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு இரண்டடி தள்ளி, எச்சில் தட்டுகளைச் சேர்க்கும் எவர்சில்வர் தொட்டி. மேசை துடைக்கும் பையன் அதில் தட்டை வைக்கவில்லை, போட்டான். ஒவ்வொரு முறையும் என் தோள் துள்ளி அடங்கியது.

அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். வீட்டில் அடுப்படியிலிருந்து நான் கேட்டால் கூடத்திலிருந்து பதில் வரும். ஓட்டலில் முதல் பத்து நிமிடம் பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வர் குனிந்து, "ஐயா, வடை வைக்கட்டுமா?" என்றார். "எந்தக் கடை?" என்றார் அப்பா. என் மகன் சிரித்துவிட்டான். அப்பாவும் கூடச் சிரித்தார். பிறகு மெஷின் இரண்டையும் கழற்றி, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பாடு முடியும்வரை எது சொன்னாலும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "ஏம்மா, அவ்வளவு நேரம் எல்லாரும் என்னதான் பேசிக்கிட்டிருந்தீங்க?"

ஓட்டல் சத்தத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சு உண்டு. "இந்த இரைச்சலில் காதே போயிடும்" என்பது ஒன்று. "ஓட்டல்னா சத்தம் இருக்கத்தான் செய்யும், அமைதி வேணும்னா வீட்டிலேயே சாப்பிட வேண்டியதுதானே" என்பது மற்றது. இரண்டுமே அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல. அப்பாவின் கேள்விக்குப் பிறகு எனக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை. சாப்பிட வருபவரின் காதுக்குக் கேடு உண்டா? அங்கேயே வேலை பார்ப்பவருக்கு? பேச்சுக்கு என்ன ஆகிறது? இதற்கெல்லாம் பொறுப்பு யார்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பிட வருபவரின் காது

டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. 80 டெசிபல் தரும் இரண்டு கருவிகள் சேர்ந்து ஓடினால் 160 ஆகாது, 83 ஆகும். 3 டெசிபல் ஏறினாலே காதில் வந்து விழும் ஒலியாற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் 1998-இல் வகுத்த அளவுகோல் இந்த அடிப்படையில் அமைந்தது. 85 டெசிபலில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2. 94 என்றால் ஒரே மணி நேரம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உணவகங்களிலும் பார்களிலும் செல்பேசிச் செயலியால் அளந்து ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் உணவகங்களின் சராசரி 80 டெசிபலுக்குச் சற்றுக் கீழே இருந்தது, பார்களின் சராசரி சற்று மேலே. 80 டெசிபலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், நையாஷ் அளவுகோல்படி ஒரு நாளைக்கு அனுமதித்த ஒலியில் பன்னிரண்டில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இந்தக் கணக்கோடு நின்றுவிட்டால் "காது போயிடும்" என்ற பேச்சு விழுந்துவிடும்.

ஆனால் அந்த அளவுகோல் யாருக்காக வகுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அது தொழிலாளிக்கானது. 85 டெசிபலில் 40 ஆண்டு வேலை பார்த்தால் நூற்றுக்கு 8 பேருக்குக் கூடுதலாகச் செவித்திறன் குறையும் என்று நையாஷே சொல்கிறது. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட எல்லை அது. பொதுமக்களுக்கு வேறொரு கோடு உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1974-இல் சொன்னது: 24 மணி நேரச் சராசரி 70 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் காது பத்திரம். இந்தக் கோட்டை வைத்துக் கணக்கிட்டால், 81 டெசிபல் கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தவர் அன்றைய முழு ஒதுக்கீட்டையும் அங்கேயே தீர்த்துவிடுகிறார். மிச்சம் 22 மணி நேரம் மதுரைப் போக்குவரத்தில் அவருக்கு ஒரு சத்தமும் கேட்கக் கூடாது. அது நடக்கிற காரியமா?

2009-இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் கண்டதையும் இதோடு சேர்க்க வேண்டும். 100 டெசிபல் ஒலியில் இரண்டு மணி நேரம் வைத்த எலிகளின் கேட்கும் திறன் ஓரிரு வாரத்தில் சோதனையில் பழையபடி வந்துவிட்டது. ஆனால் உட்காதில் உணர்செல்லையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் சில இடங்களில் பாதியளவு திரும்பவே இல்லை. சோதனை அறையில் "காது நல்லா இருக்கு" என்று சீட்டு வாங்கியவர் கூட்டத்தில் பேச்சுப் புரியாமல் தவிப்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சைவ ஓட்டல் 100 டெசிபலும் இல்லை. ஆகவே இதை எச்சரிக்கையாகக் கொள்ளலாம், சாட்சியமாகக் கொள்ள முடியாது.

மாதம் ஒருமுறை, இருமுறை ஓட்டலில் சாப்பிடுகிறவரின் காது அதனால் கெடுகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. டி.ஜே. வைத்து ஆட்டம் நடக்கும் இடங்களின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அத்தகைய இடங்களுக்கு 100 டெசிபல் என்று உச்சவரம்பு வைத்ததே, அங்கே ஒலி எங்கே போய் நிற்கிறது என்பதைக் காட்டும். நான் இங்கே எடுத்துக்கொண்டது சாதாரணச் சாப்பாட்டுக் கூடம்.

வேலை பார்ப்பவரின் காது

நாம் முக்கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுகிறோம். சர்வரும் மேசை துடைப்பவரும் அதே கூடத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். 12 மணி நேர வேலைக்கு நையாஷ் கணக்குப்படி எல்லை 83 டெசிபலாக இறங்கிவிடுகிறது. கையில் கருவி வேண்டாம், ஒரு சோதனை போதும்: கைநீட்டு தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே சத்தம் 85-ஐத் தொட்டிருக்கக் கூடும் என்று தொழில்நல நிபுணர்கள் கொள்கிறார்கள். மதிய நேரத்தில் சர்வர் "ரெண்டு சாம்பார் வடை, ஒரு நெய் ரோஸ்ட்" என்று எந்தக் குரலில் உள்ளே சொல்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

இரவுக்கடையில் கொத்து பரோட்டா போடும் மாஸ்டரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கல்லுக்கும் அவர் காதுக்கும் நடுவே இரண்டடிதான். இரண்டு கையிலும் இரும்புத் தகடு; கல்லும் இரும்பு. தாளம் தெரு முனையிலிருந்தே நம்மைக் கூப்பிடும், கேட்டதும் பசிக்கும். அந்தத் தாளத்துக்கு நாம் ஐந்து நிமிடக் கேட்பாளர்கள். அவர் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை, வாரத்துக்கு ஆறு ஏழு நாள், வருடக்கணக்காக அதைக் காதருகில் வைத்திருக்கிறார். உலோகம் உலோகத்தை அடிக்கும் திடீர் ஒலி, சீரான இரைச்சலைவிடக் காதுக்குக் கொடியது. நான் "அண்ணே, முட்டை ஒண்ணு போதும்" என்று இரண்டு முறை சொன்னேன். அவர் காதைத் திருப்பிக் காட்டி, பிறகு விரலைக் காட்டி, ஒன்றா என்று கேட்டார்.

சட்டம் இவருக்கு என்ன செய்தது? இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதே சட்டம், 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்கு வரையறை தரும் இடத்தில் ஓட்டல், உணவகம், உண்ணுமிடம் மூன்றையும் பெயர் சொல்லி விலக்கியது. ஆலையில் தறி ஓட்டியவரின் காதுக்குப் பெயரளவிலாவது ஒரு எண் இருந்தது. பரோட்டாக் கல் முன் நின்றவருக்கு அதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல் என்கின்றன. அவை சுற்றுப்புறத்துக்கான எண்கள். ஓட்டலின் ஒலிபெருக்கி பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தால் அந்த விதிகளைக் காட்டிக் கேட்கலாம். மூடிய கூடத்துக்குள் நிற்கும் சர்வரின் காதுக்கு அவற்றில் இடமில்லை.

கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலி வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. பட்டதும் சட்டம் வந்தது. காது வலிப்பதுகூட இல்லை, அதனால் இன்னும் பின்னால் நிற்கிறது. உணவகச் சத்தம் செவியைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு உண்மையான வாதி வாடிக்கையாளர் அல்லர், ஊழியர். அவர் தரப்பில் இது வலுவான குற்றச்சாட்டு.

பேச்சு என்ன ஆகிறது

1911-இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் ஒன்றை எழுதிவைத்தார்: சுற்றிலும் சத்தம் எழுந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். சத்தம் நின்றால் குரலும் தாழும். உணவகத்தின் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் நமக்காகக் குரலை ஏற்றுகிறார். நாம் அவருக்காக ஏற்றுகிறோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கூடம் மட்டும் இரைந்துகொண்டே போகிறது.

இதைக் கணக்காக்கியவர் டென்மார்க்கில் பேராசிரியராக இருந்த ஒலியியல் அறிஞர் யென்ஸ் ஹோல்கர் ரின்டல். 2010-இல் வெளியான அவர் கட்டுரைப்படி, மேசைக்கு எதிரே இருப்பவரின் பேச்சு ஓரளவாவது புரிய வேண்டுமானால் கூடத்தின் சத்தம் ஏறத்தாழ 71 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒரு கூடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் அவர் வழி சொல்கிறார்: கூடத்தின் கன அளவைக் கனமீட்டரில் எடுத்து, எதிரொலி அடங்கும் நேரத்தின் இருபது மடங்கால் வகுத்தால் போதும்.

40 அடி நீளம், 25 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 283 கனமீட்டர். டைல்ஸும் கண்ணாடியுமாக இருந்து எதிரொலி அடங்க 1.2 விநாடி ஆனால், நிம்மதியாகப் பேசக்கூடியவர்கள் 12 பேர். அங்கே நாற்காலி போடுவது 60 பேருக்கு. மூன்று நான்கு பேருக்கு ஒருவர் வீதம் பேசினால், ரின்டலின் சூத்திரப்படி சத்தம் 86 டெசிபலுக்கு ஏறும். தட்டும் மிக்ஸியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இதில் சேரவில்லை. இது வெறும் மனிதக் குரல்.

அப்படிப்பட்ட ஒரு சத்தத்துக்கு நடுவில்தான் என் அப்பா உட்கார்ந்திருந்தார். வயதானால் முதலில் போவது உச்ச அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் கீழே, பலமாக ஒலிப்பவை; அவை கேட்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுவது மெய், அதிலும் வல்லினம். நொடிப்பொழுதில் வெடித்து மறையும் மெல்லிய ஒலி. கடை, சடை, தடை, படை, வடை: ஐந்துக்கும் முதல் எழுத்தின் மெய் ஒன்றுதான் வேறுபாடு. அது இரைச்சலில் மூழ்கினால் ஐந்தும் ஒரே சொல். மெஷின் இதைச் சரிசெய்யாதா என்று பலரும் கேட்கிறார்கள். மெஷின் பேச்சைப் பெரிதாக்கும்போது தொட்டியில் விழும் தட்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. புதிய கருவிகள் முன்னாலிருந்து வரும் குரலைப் பிரித்தெடுக்கப் பார்க்கும். எல்லாத் திசையிலும் எதிரொலிக்கும் கூடத்தில் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல காதுள்ளவர் பேச்சும் சத்தமும் சம அளவில் இருந்தாலும் சமாளித்துவிடுவார். கேட்கும் திறன் குறைந்தவருக்குப் பேச்சு, சத்தத்தைவிடப் பல டெசிபல் மேலே நிற்க வேண்டும். நமக்குக் கொஞ்சம் தொந்தரவாக இருக்கும் கூடம், அவருக்கு முழுக்க அடைத்த கதவு. அப்பா மெஷினைக் கழற்றியது அந்த இடத்தில்தான்.

இது அவர் ஒருவரின் குறை என்று ஒதுக்க முடியாது. பிரிட்டனில் காது கேளாதோருக்கான தொண்டு நிறுவனம் 2016-இல் உணவகச் சத்தத்தை எதிர்த்தே ஒரு தனி இயக்கம் நடத்தியது. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் உணவக விமர்சனத்தில் சத்தத்துக்கு மணிச் சின்னம் போட்டது. மிக மோசமானதற்கு வெடிகுண்டுச் சின்னம். வாஷிங்டன் போஸ்ட் 2008 முதல் டெசிபல் எண்ணையே அச்சிட்டது. நம் பக்கத்தில் உணவு விமர்சனம் எழுதுவோரும் வீடியோ போடுவோரும் ருசி, விலை, சுத்தம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் சொல்கிறார்கள். பேச முடியுமா என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சத்தம் நாக்கையும் மந்தமாக்கும் என்று சில ஆய்வுகள் உண்டு. இரைச்சலில் இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்ததாக 2011-இலும், விமான இரைச்சலில் இனிப்பு மங்கியதாக 2015-இலும் வெளியான சோதனைகள் அவை. சோதனைக்கூடத்தில் கண்ட சிறிய வேறுபாடுகள். இவற்றை வைத்துச் சாம்பாரில் உப்புக் குறைவதற்குச் சத்தம் காரணம் என்று நான் வாதாட மாட்டேன். பேச்சு தொலைவதே போதுமான வழக்கு.

எதிர்த்தரப்பு சொல்வது

முதல் வாதம், கலகலப்பு. வெறிச்சென்ற ஓட்டலுக்குள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். பத்துப் பேர் பேசும் சத்தமே "இங்கே சாப்பாடு நல்லா இருக்கும்" என்ற விளம்பரம். இது உண்மை. கொத்து பரோட்டாத் தாளத்தை நானே ரசிக்கிறேன். இன்னொன்றும் உண்டு: ஓரளவு இரைச்சல் இருந்தால்தான் நம் வீட்டுப் பேச்சு பக்கத்து மேசைக்குப் போகாது. ஆனால் கலகலப்பு என்பது பேச்சால் உண்டாவது. பேச்சையே விழுங்கும் அளவுக்குப் போனபின் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று டீக்கடைகளில் பலகை தொங்கவிட வேண்டி வந்தது, அங்கே பேச்சு நன்றாகக் கேட்டதால்.

இரண்டாவது, வியாபாரம். சத்தமும் பாட்டும் விற்பனையைக் கூட்டும் என்று ஓட்டல் ஆலோசகர்கள் ஆய்வுகளை மேற்கோள் காட்டுவார்கள். அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். ரொனால்டு மில்லிமன் 1986-இல் ஓர் அமெரிக்க உணவகத்தில் செய்த சோதனையில் மாற்றியது பாட்டின் வேகத்தை, உரப்பை அல்ல. மெதுவான பாட்டுக்கு மக்கள் 45 நிமிடத்துக்குப் பதில் 56 நிமிடம் உட்கார்ந்தார்கள். கூடுதலாகச் செலவழித்தது மதுவில், சாப்பாட்டுச் செலவு அதிகம் மாறவில்லை. உரப்பை மாற்றிப் பார்த்தது நிக்கோலா கெகன் பிரான்சில் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனை: 72 டெசிபலிலிருந்து 88-க்கு ஏற்றியபோது இளைஞர்கள் வேகமாகவும் அதிகமாகவும் பீர் குடித்தார்கள். 40 பேர், பார், பீர். இதிலிருந்து மதுவே இல்லாத ஒரு சைவ ஓட்டல் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. சத்தம் வந்தால் சீக்கிரம் எழுந்து போவார்கள், மேசை காலியாகும் என்ற கணக்கு மிஞ்சுகிறது. அது வியாபாரக் கணக்காக இருக்கலாம். விருந்தோம்பலைப் பெருமையாகச் சொல்லும் ஊரில், வந்தவரைக் காது வழியாக எழுப்பி அனுப்புவதை நான் ஏற்கவில்லை.

மூன்றாவது வாதம் எல்லாவற்றிலும் வலுவானது: சுத்தம். எண்ணெய்ப் புகை, நீராவி, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் தரை. துணியும் பஞ்சும் மாட்டினால் அழுக்குத் தங்கும், கரப்பான் குடியேறும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் உணவு கையாளும் இடத்தில் வழவழப்பான, எளிதில் கழுவக்கூடிய பரப்புகளைத்தான் கேட்கின்றன. தரைக்கும் மேசைக்கும் சமையலறைச் சுவருக்கும் இது முழுக்க நியாயம். ஆனால் கூடத்தின் மேற்கூரையில் யாரும் சாம்பார் கொட்டுவதில்லை. துளையிட்ட உலோகத் தகட்டுக்குப் பின்னால் ஒலி உறிஞ்சும் பஞ்சை வைத்து, மெல்லிய உறையால் மூடிய, துடைக்கக்கூடிய பலகைகள் கிடைக்கின்றன. கிரானைட்டின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கட்டும். மேசையின் அடிப்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது.

கட்டடத்தின் குற்றம்

1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் எதிரொலி அடங்காமல் பேச்சே புரியவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அடுக்கி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அங்கே பிறந்தது. உறிஞ்சுதலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த சன்னல். சன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வராது. ஆகவே அதுவே முழு உறிஞ்சுதல்.

இந்த அலகை வைத்து நம் சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பழைய கடைகளில் சத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவுக்குத் திறந்த முகப்பு, நடுவில் முற்றம், ஓட்டுக்கூரை, கீற்றுப்பந்தல் என்று சபைனின் சன்னல்கள் எங்கும் இருந்தன. சத்தம் எழுந்தது, வெளியேறியது. ஏ.சி. வந்ததும் ஒவ்வொன்றாக அடைத்தோம். உள்ளே கிரானைட்டும் டைல்ஸும் கண்ணாடியும் ஒட்டினோம். அவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. குளிர்ச்சிக்காக மூடிய பெட்டிக்குள் நம் குரலையே நம்மேல் எறிந்துகொள்கிறோம்.

மீட்பும் அதே கணக்கில் இருக்கிறது. முன்சொன்ன 60 பேர் கூடத்தில் மேற்கூரைக்கு நல்ல உறிஞ்சு பலகை போட்டு எதிரொலியை 1.2 விநாடியிலிருந்து 0.5-க்குக் கொண்டுவந்தால், சத்தம் 86-லிருந்து ஏறத்தாழ 78-க்கு இறங்கும். ஒலியாற்றலில் ஆறில் ஒரு பங்கு. உறிஞ்சுதல் இரண்டு மடங்கானால் பாடநூல்படி 3 டெசிபல்தான் குறைய வேண்டும், குறைவது 6. மறுபாதியை லோம்பார் சொன்ன குணம் குறைத்துத் தருகிறது: கூடம் அடங்கினால் மக்களும் தாமாகக் குரலைத் தாழ்த்துகிறார்கள். "மெதுவாப் பேசுங்க" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

78-உம் 71 ஆகிவிடவில்லை என்பதை மறைக்கக் கூடாது. பலகை மட்டும் போதாது. இருபது நாற்காலியைக் குறைக்க வேண்டும், பாட்டை நிறுத்த வேண்டும், மிக்ஸியையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் கதவுக்குப் பின்னால் தள்ள வேண்டும், தட்டுத் தொட்டிக்கு ரப்பர் விரிக்க வேண்டும்.

தீர்ப்பு

எப்போதாவது சாப்பிட வருபவரின் செவி கெடுகிறது என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதைச் சொல்லிப் பயமுறுத்துவது மற்ற இரண்டு உண்மையான குற்றச்சாட்டுகளைப் பலவீனமாக்கும். அங்கேயே நாள் முழுக்க நிற்கும் ஊழியரின் செவிக்கு ஆபத்து உண்டு என்பது ஏற்கத்தக்கது. ஓட்டலுக்கு ஓட்டல் அளந்து, ஆண்டுக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை செய்து, எல்லை தாண்டிய இடத்தில் காதடைப்பானும் வேலை மாற்றிக் கொடுப்பதும் கட்டாயமாக வேண்டும். கால்களுக்கு இருக்கை கேட்டுச் சட்டம் இயற்றிய மாநிலத்துக்கு இது எட்டாத வேலை அல்ல. பேச்சைப் பறிக்கிறது, முதியவரையும் செவித்திறன் குறைந்தவரையும் மேசையிலிருந்தே விலக்குகிறது என்பது முழுமையாக நிரூபணம்.

பொறுப்பு, உரக்கப் பேசும் வாடிக்கையாளருடையது அல்ல. அவர் அந்தக் கூடம் செய்யச் சொன்னதைச் செய்கிறார். டைல்ஸைத் தேர்ந்தவர், மேற்கூரையை வெறுமையாக விட்டவர், 12 பேருக்கு ஏற்ற இடத்தில் 60 நாற்காலி போட்டவர், ஒலி என்ற சொல்லே இல்லாமல் வரைபடம் கொடுத்தவர்: இவர்களுடைய பொறுப்பு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிகளில் ஒலியியலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஓட்டல் கட்டுகிறவர்கள் அதைப் பிரிக்க வேண்டும். அனுமதி தருகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

போன மாதம் அப்பாவை ஒரு பழைய மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், மேலே மின்விசிறி. வியர்த்தது. கூட்டம் குறைவில்லை. எச்சில் தட்டுத் தொட்டியின் அடியில் பழைய ரப்பர் பாய் விரித்திருந்தது. எதற்கென்று நடத்துகிற அக்காவிடம் கேட்டேன். "தட்டு நெளிஞ்சு போகுதும்மா, அதான்" என்றார். அவர் காப்பாற்ற நினைத்தது தட்டை. பரிமாறுகிற பையன் வாளியோடு வந்து குனிந்தான்.

"ஐயா, வடை?"

"ஒண்ணு வைப்பா" என்றார் அப்பா. மெஷின் இரண்டும் காதிலேயே இருந்தன.